கதை இல்லாத விண்கலம்: லெகோ கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் 10497

கட்டைப் பொம்மைகளைத் தயாரிக்கும் லெகோ நிறுவனம் தனது 90ஆம் ஆண்டையொட்டி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் விண்கலத்தை, நல்ல பொம்மை என்று ஒரே வரியில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். 1,254 துண்டுகள், நான்கு விண்வெளி வீரர்கள், ஒரு குட்டி ரோபோ, கலத்தின் வயிற்றுக்குள் அடங்கும் ஒரு தரை ஊர்தி ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் வெளியீட்டு விலை 99.99 டாலர். கட்டி முடித்தால் அரை மீட்டர் நீளத்தில், நீலமும் சாம்பலுமான உடலும் மஞ்சள் கண்ணாடியுமாக ஒரு கலம் மேசையில் நிற்கும். இவ்வளவோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விண்வெளிக் கற்பனை மக்களிடையே எப்போது உச்சத்தில் இருந்தது, எப்போது மங்கியது, திரும்பி வந்தபோது யாருக்காக வந்தது என்பதைத் திரைப்பட வசூல் கணக்குகளைவிடப் பொம்மைக் கடையின் அலமாரி தெளிவாகக் காட்டுகிறது என்று நான் நம்புகிறேன். அந்த அலமாரியில் இந்த ஒரு கலம் இரண்டு முறை இடம் பிடித்திருக்கிறது. இடையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருக்கின்றன.

பெட்டியின் எண்ணான 10497இன் கடைசி மூன்று இலக்கங்களில்தான் மூலக் கலம் ஒளிந்திருக்கிறது. 1979இல் அமெரிக்காவில் 497 என்ற எண்ணோடும் ஐரோப்பாவில் 928 என்ற எண்ணோடும் அது விற்பனைக்கு வந்தது. மொத்தம் 338 துண்டுகள்தான். அதற்கு முந்தைய ஆண்டுதான், கைகால் அசையும் இன்றைய லெகோ மனிதப் பொம்மை அறிமுகமாகியிருந்தது. அதை உருவாக்கிய டென்மார்க் வடிவமைப்பாளர் ஜென்ஸ் நைகார்ட் நுட்சனே, நகரம், கோட்டை ஆகியவற்றோடு விண்வெளியையும் ஒரு தனி வரிசையாக வளர்த்தவர். அந்த வரிசையின் முதல் விண்வெளி வீரர்கள் சிவப்பும் வெள்ளையுமாக உடையணிந்து, மார்பில் ஒரு கோளையும் அதைச் சுற்றிப் பறக்கும் கலத்தையும் காட்டும் சின்னம் தரித்து, இரண்டு புள்ளிக் கண்களோடும் ஒரு சிறு புன்னகையோடும் வந்தார்கள். அவர்களின் கையில் துப்பாக்கி இல்லை. அவர்களுக்குப் பகைவரும் இல்லை. எந்தக் கோளுக்குப் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள் என்று பெட்டியில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இந்த அமைதி வியப்பாக இருக்கும். நிலவில் மனிதர் கடைசியாகக் கால் வைத்தது 1972 டிசம்பரில், அப்போலோ 17 பயணத்தில். அதன்பின் உண்மையான விண்வெளிப் பயணத்தின் மேல் பொதுமக்களுக்கு இருந்த ஆர்வம் தணிந்துகொண்டிருந்த நேரத்தில், கற்பனைப் பயணத்தின் மேல் இருந்த ஆர்வம் பெருகிக்கொண்டிருந்தது. 1969இல் மூன்றே பருவங்களோடு நிறுத்தப்பட்ட ஸ்டார் ட்ரெக் தொடர், மறு ஒளிபரப்புகளில்தான் தன் பெருங்கூட்டத்தைச் சேர்த்தது. அந்தக் கூட்டத்தின் கடிதங்களால் 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கே என்டர்பிரைஸ் என்று அத்தொடரின் கலத்தின் பெயர் சூட்டப்பட்டது. 1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் திரைக்கு வந்தது. அதன் பொம்மை உரிமையை வாங்கியிருந்த கென்னர் நிறுவனத்தால் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைத் தயாரித்து முடிக்க முடியவில்லை. ஆகவே, பொம்மைகள் பிறகு தபாலில் வரும் என்று உறுதியளிக்கும் சான்றிதழை அட்டை உறைக்குள் வைத்து விற்றார்கள். பொம்மை இல்லாத அந்த உறையையும் பெற்றோர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கற்பனை உலகம் மக்களை எந்த அளவுக்குப் பிடித்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அந்த அலையின் உச்சத்தில் வெளிவந்த லெகோ கலம், யாருடைய கதையையும் இரவல் வாங்காமல், கதையைக் குழந்தையின் பொறுப்பில் விட்டது என்பதே அதன் பெருமை.

இனி புதிய பெட்டிக்கு வருகிறேன். கட்டத் தொடங்கியதும் தெரிவது, இதை வடிவமைத்த மைக் சாகி பழைய கலத்தின் அளவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கி, அதன் ஒவ்வொரு கோட்டையும் மதித்திருக்கிறார் என்பதுதான். இன்றைய லெகோ மாதிரிகள் பலவற்றில் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். கட்டைகளின் மேலுள்ள பொருத்தும் குமிழ்கள் தெரியாதபடி வழவழப்பான ஓடுகளால் மூடிவிடுவார்கள். இங்கே இறக்கைகள் முழுவதும் குமிழ்கள் வெளியே தெரிகின்றன. அதனால்தான் முடிந்த கலத்தைப் பார்க்கும்போது அது ஒரு பொம்மை என்ற உணர்வு குறையாமல் இருக்கிறது. உள்ளே மட்டும் கட்டுமானம் புதுக்காலத்தைச் சேர்ந்தது. முக்கோண இறக்கைகளின் சாய்கோணம் உடலோடு பிசிறில்லாமல் பொருந்துவதற்காக அடியில் பின்னப்பட்டிருக்கும் சட்டகத்தைக் கட்டும்போது, கை தானாகவே வேகம் குறைந்து, துண்டுகளை இரண்டு முறை சரிபார்த்து வைக்கும். அந்தச் சட்டகத்தின் பலனாக, முழுக் கலத்தையும் நடு உடலில் பிடித்து ஒரு கையால் தூக்கி, அறை முழுக்கப் பறக்கவிடலாம். எதுவும் தொங்காது, எதுவும் கழன்று விழாது. விண்கலப் பொம்மை ஒன்றுக்கு இதுதான் முதல் தேர்வு. காட்சிக்கு மட்டும் என்று விற்கப்படும் பல பெரிய மாதிரிகள் இதில் தோற்றுவிடும்.

தரையிறங்கும் கால்கள் மடங்கி உள்ளே போகின்றன. மஞ்சள் முகப்புக் கண்ணாடியைத் திறந்தால் ஓட்டிகளின் இருக்கைகளும் கட்டுப்பாட்டுப் பலகைகளும் தெரிகின்றன. பின்கதவுகளைத் திறந்து ஊர்தியை வெளியே உருட்டிவிடலாம். மூலக் கலத்திலும் பின்பக்கம் இரண்டாகத் திறந்து ஒரு சிறு ஊர்தியை வெளியே விடும். அந்தச் செயலைத்தான் அந்தத் தலைமுறையினர் எல்லாவற்றுக்கும் மேலாக நினைவில் வைத்திருக்கிறார்கள். புதிய வடிவம் அதை மாற்றாமல், இடத்தை மட்டும் பெரிதாக்கியிருக்கிறது. பெட்டி முழுவதிலும் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்எல்928 என்னும் பழைய அடையாள எண்ணும், கோள் சின்னமும், கட்டுப்பாட்டுப் பலகைகளும் துண்டுகளின் மேலேயே அச்சிடப்பட்டவை. ஸ்டிக்கர்கள் சில ஆண்டுகளில் ஓரம் உரிந்து மஞ்சள் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டதன் மதிப்பு புரியும்.

வீரர்களின் தலைக்கவசத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய தலைக்கவசத்தின் தாடைப் பட்டை மிக மெல்லியது. குழந்தைகள் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டியதில் நடுவில் விரிந்து உடைந்துவிடும். இன்று பழைய பொம்மைச் சந்தையில் கிடைக்கும் வீரர்களில் பெரும்பாலோர் உடைந்த தாடையோடுதான் இருக்கிறார்கள். 2014இல் வெளிவந்த தி லெகோ மூவி படத்தில் பென்னி என்ற நீல உடை வீரனின் கவசம் அதே இடத்தில் உடைந்திருக்கும். மார்புச் சின்னமும் தேய்ந்திருக்கும். பல நாடுகளில் வளர்ந்த பெரியவர்கள் தங்கள் சொந்தப் பொம்மையைத் திரையில் அடையாளம் கண்டுகொண்டார்கள். 10497இல் வரும் கவசத்தின் பட்டை தடித்திருக்கிறது, உருவம் மட்டும் அப்படியே இருக்கிறது. முகத்திலும் பழைய புன்னகையே இருக்கிறது. இன்றைய லெகோ முகங்களில் கோபம், அச்சம், தழும்பு, வியர்வை என்று எத்தனையோ உணர்ச்சிகளை அச்சிடுகிறார்கள். அவற்றுக்கு நடுவே இந்த எளிய முகம் எல்லா உணர்ச்சிகளுக்கும் இடம் கொடுக்கிறது.

இந்த முகம் எப்போது மாறத் தொடங்கியது என்று பார்த்தால், விண்வெளிக் கற்பனையின் போக்கும் கூடவே புலப்படும். 1987இல் பிளாக்ட்ரான் என்ற பெயரில் கறுப்புக் கலங்களும் கறுப்பு உடைக்காரர்களும் வந்தார்கள். 1989இல் அவர்களைப் பிடித்து அடைக்க விண்வெளிப் போலீஸ் வந்தது; அந்தக் கலங்களின் வயிற்றில் ஊர்திக்குப் பதிலாகச் சிறைக் கூண்டு இருந்தது. ஆராய்ச்சிக்காகப் பறந்த உலகத்துக்குள் திருடனும் காவலனும் நுழைந்தார்கள். அந்தக் கறுப்புக் கலங்கள் அழகானவை என்பதை நான் மறுக்கவில்லை. பிளாக்ட்ரான் வரிசையை லெகோவின் மிகச் சிறந்த நிறச் சேர்க்கை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. ஆனால் தொண்ணூறுகளில் ஆண்டுக்கு ஒரு புதுக் கூட்டம், பனிக்கோள்காரர்கள், ஒற்றர்கள், பறக்கும் தட்டுக்காரர்கள், பூச்சி வடிவக் கலங்கள் என்று வரிசையாக வந்து, குழந்தை ஒன்றைப் பழகுவதற்குள் அடுத்தது அலமாரிக்கு வந்துவிடும் நிலை ஏற்பட்டது.

பெரிய மாற்றம் 1999இல் நடந்தது. ஸ்டார் வார்ஸின் புதிய படம் வரவிருந்த அந்த ஆண்டில் அதன் உரிமத்தை லெகோ பெற்றது. பெயரிலேயே போரைக் கொண்ட ஒன்றுக்குத் தங்கள் கட்டைகளைக் கொடுப்பதா என்று நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து, பிறகுதான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. விற்பனை எதிர்பார்ப்பைக் கடந்து ஓடியது. கூடவே ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்டார் வார்ஸ் படமும் ஹாரி பாட்டர் படமும் வெளிவராத 2003இல் அந்த வரிசைகளின் விற்பனை சரிந்தது. வேறு பல காரணங்களும் சேர்ந்துகொள்ள, நிறுவனம் 2003, 2004 ஆண்டுகளில் பெரும் நட்டத்தைச் சந்தித்தது. லெகோவின் சொந்த விண்வெளி வரிசையோ 2001இல் செவ்வாய்க் கோளைப் பற்றி வந்த ஒன்றுக்குப் பிறகு 2007 வரை காணாமல் போயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் தொலைக்காட்சியிலும் விண்வெளி பின்வாங்கியது. 1987 முதல் இடைவெளியின்றி ஏதேனும் ஒரு பெயரில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டார் ட்ரெக், 2005இல் பார்வையாளர் குறைந்து நின்றுபோனது. அந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் மனத்தை மந்திரப் பள்ளிகளும் கடற்கொள்ளையர்களும் சூப்பர் ஹீரோக்களும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விண்வெளியின் மேல் இருந்த ஆசை செத்துவிட்டது என்று இதைப் படிப்பது தவறு என்பதே என் வாதம். ஆசை இருந்துகொண்டேதான் இருந்தது. அது யாருடைய சொத்தாக இருந்தது என்பதுதான் மாறியது. 1979இல் கலம் குழந்தையுடையது. 1999க்குப் பின் அதே கட்டைகளால் ஆன கலத்துக்கு ஒரு பெயரும் ஓர் உரிமையாளரும், அதில் ஏறவேண்டியவர்கள் யார் என்ற பட்டியலும் வந்துவிட்டன. 2012இல் டிஸ்னி நிறுவனம் ஸ்டார் வார்ஸின் உரிமையாளரான லூக்காஸ் ஃபிலிமை 400 கோடி டாலருக்கும் அதிகமான விலைக்கு வாங்கியதும் அந்தச் சொத்து எவ்வளவு பெரியது என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த கேலக்ஸி ஸ்குவாட் வரிசையோடு லெகோவின் சொந்த விண்வெளி வரிசை நின்றுபோனதில் வியப்பில்லை. 2017இல் 7,541 துண்டுகளோடு வந்த ஸ்டார் வார்ஸ் கலமான மில்லேனியம் ஃபால்கனின் வெளியீட்டு விலை 799.99 டாலர். 2025இல் 9,023 துண்டுகளோடு வந்த டெத் ஸ்டாரின் விலை 999.99 டாலர். கோள்களை அழிக்கும் ஓர் ஆயுதம் பொம்மைக் கடையின் மிக உயர்ந்த விலைச்சீட்டைத் தாங்கி நிற்பதைப் பார்க்கும்போது, ஆயுதமே இல்லாமல் புறப்பட்ட அந்தப் பழைய வரிசையை நினைத்து எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 2013இல் கிராவிட்டி, 2014இல் இன்டர்ஸ்டெல்லர், 2015இல் தி மார்ஷியன் என்று அடுத்தடுத்து வந்த படங்களில் வில்லனாக வேற்றுக்கோள்வாசி யாரும் இல்லை. தூரமும் வெற்றிடமும் மூச்சுக்காற்றுமே சோதனையாக இருந்தன. அறிவியலுக்கு நெருங்கிய விண்வெளிக் கதைக்குக் கூட்டம் வரும் என்பதை அவை காட்டின. 2017இல் ரசிகர்களின் யோசனையிலிருந்து பிறந்து, அப்போலோ 11 நிலவில் இறங்கிய ஆண்டை நினைவூட்டும்படி சரியாக 1,969 துண்டுகளோடு வந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டை லெகோ விற்றது. 2021இல் டிஸ்கவரி விண்ணோடம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான் நாம் பேசும் கலம். ஆகவே, பழைய நினைவுகளைக் காசாக்கும் முயற்சி என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது. கதைக்கு உடைமைக்காரர் இல்லாத விண்வெளிக்கு மீண்டும் ஒரு தேவை எழுந்த நேரத்தில் இது வந்திருக்கிறது.

அப்படியிருக்க, பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் வயது வரம்பு 18+ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டுமானத்தில் பதினெட்டு வயதைக் கேட்கும் கடினம் எதுவும் இல்லை. கட்டைகளோடு பழகிய பத்து வயதுப் பிள்ளை நிதானமாகக் கட்டிவிடலாம். அந்த எண் பெரியவர்களுக்கான ஐகான்ஸ் வரிசையின் விற்பனை அடையாளம் என்பது எனக்குப் புரிகிறது. சம்பாதிப்பவர்களிடம்தான் காசு இருக்கிறது, நினைவும் இருக்கிறது. ஆயினும், கதை சொல்லும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுத்த ஒரு கலத்தைத் திரும்பக் கொண்டுவந்து, அதன் நெற்றியில் குழந்தைக்கு அல்ல என்று எழுதுவது அதன் இயல்புக்கே எதிரானது. கடையில் இந்தப் பெட்டிக்கு முன் நிற்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள், அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதே. 2024இல் லெகோ தனது சிட்டி, ஃபிரெண்ட்ஸ், டெக்னிக் போன்ற சிறுவர் வரிசைகள் பலவற்றில் ஒரே நேரத்தில் விண்வெளிக் கலங்களை இறக்கியபோது எனக்கு மகிழ்ச்சி ஏற்பட்டதற்குக் காரணமும் இதுதான். அவற்றில் துப்பாக்கிக்காரர்களைவிட ஆராய்ச்சியாளர்களே முன்னால் நிற்கிறார்கள்.

பொம்மையின் மேல் வேறு இரண்டு குறைகள் உண்டு. மூலப் பெட்டியில் பள்ளங்கள் புடைத்த நிலவுத்தரை அடித்தட்டு ஒன்றும், இறங்குதளம் வரையப்பட்ட தட்டு ஒன்றும், சிறிய கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றும் இருந்தன. புதிய பெட்டியில் கலம் மட்டுமே இருக்கிறது. போய் இறங்குவதற்கு ஓர் இடம் இல்லாமல் ஆராய்ச்சிக் கலம் என்ன செய்யும் என்ற கேள்வி, விளையாடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே எழும். இன்னும் இருபது டாலர் கூட்டி அந்தத் தளத்தையும் கொடுத்திருந்தால் நான் தயங்காமல் கொடுத்திருப்பேன். இரண்டாவது, சாம்பல் நிறம். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் லெகோ தனது சாம்பலைச் சற்று நீலம் கலந்ததாக மாற்றிவிட்டது. புதிய கலம் அந்தப் புதுச் சாம்பலில்தான் வருகிறது. பழைய கலத்தை அருகில் வைக்கிறவர்களுக்கு மட்டும் இது உறுத்தும், மற்றவர்கள் கவனிக்கவே மாட்டார்கள்.

விலையைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. ஒரு துண்டுக்கு எட்டு சென்ட் என்பது, உரிமத் தொகை சுமக்கும் மில்லேனியம் ஃபால்கனின் பத்தரை சென்ட்டோடு ஒப்பிட்டால் நியாயமானது. அதே துண்டுகளைக் கலைத்து 918, 924 என்னும் வேறு இரண்டு பழைய கலங்களின் புதிய வடிவங்களையும் கட்டலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்றாலும், கலைத்துக் கட்டுவதுதான் இந்தக் கட்டைகளின் அடிப்படை இன்பம் என்பதால் இது எனக்குக் கூடுதல் மதிப்பாகவே படுகிறது. மூன்றில் 924இன் உருவம்தான் என் விருப்பம். கேலக்ஸி எக்ஸ்ப்ளோரரைவிடச் சிறியது, கச்சிதமானது, கையில் இன்னும் நன்றாக அடங்குவது.

இதன் தயாரிப்பு இப்போது நின்றுவிட்டதால், வாங்க நினைப்பவர்கள் பழைய இருப்பிலோ இரண்டாம் கைச் சந்தையிலோதான் தேட வேண்டும். பிரித்த பெட்டியை வாங்குபவர்கள் மூன்றைக் கவனித்தால் போதும்: மஞ்சள் முகப்புக் கண்ணாடியில் கீறல் இருக்கக் கூடாது, ஏனென்றால் இந்தக் கலத்தின் முகமே அதுதான், எல்எல்928 அச்சிட்ட துண்டுகள் காணாமல் போயிருந்தால் வெறுந்துண்டுகளை வைத்து அந்த இடத்தை ஈடுசெய்ய முடியாது, நான்கு வீரர்களுக்கும் கவசமும் முதுகின் காற்றுக் கலனும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நீலத் துண்டுகளிலும் சாம்பல் துண்டுகளிலும் சில குறைந்தால் கவலையில்லை, அவை எந்த லெகோ டப்பாவிலும் கிடைப்பவை. வெளியீட்டு விலையைப் போல ஒன்றரை மடங்கு வரை கொடுக்கலாம் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் கேட்டால், அந்தப் பணத்துக்கு 2024 வரிசையின் கலங்கள் இரண்டு மூன்றை வாங்கி, பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம்.